முப்பத்தெட்டுக் கேள்விகளும் ஓர் ஈயர்ஃபோனும்

காலை பத்தரை மணி, முப்பத்தெட்டுக் கேள்விகள், பவித்ரா. ஜனவரி மாதத்தின் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு என் குறிப்பேட்டில் இருப்பது இவ்வளவுதான். மைசூரில் ஒரு கன்னட வழி உயர்நிலைப் பள்ளியில் நான் ரிசோர்ஸ் டீச்சர். படிக்கவும் எழுதவும் திணறுகிற பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியைப் படித்துச் சொல்லும் கருவி, அவர்கள் சொல்வதை எழுத ஓர் ஆள் என்று விதிகள் தருவதை வாங்கிக் கொடுப்பது என் வேலை. இந்த வேலையில் பிள்ளைகளோடு கழிவது கால்வாசி நேரம். மீதி முக்கால்வாசி பெரியவர்களோடு.

இதே வேலையில் இருப்பவர்களும், இப்படி ஒரு பிள்ளைக்காகப் படியேறி இறங்கியவர்களும் இதைப் படித்தால் பாதியிலேயே தலையாட்டத் தொடங்கிவிடுவீர்கள். ஆட்டுங்கள். இதற்கு முன் பதினேழு வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்தும் மேசையில் இருந்தேன். அந்த அனுபவம் இங்கே கைகொடுக்கும் என்று நினைத்தேன். எப்படிக் கைகொடுத்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். கன்னடத்தில் பேசியவர்களின் பேச்சைத் தமிழில் தந்திருக்கிறேன், வார்த்தைகள் அவர்களுடையவை.

நாலு பதில்

பவித்ரா பத்தாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கமிருந்து வந்த குடும்பம். அப்பா மாதேஷ் சென்ட்ரிங் வேலை, அம்மா ராணி கார்மென்ட்ஸில் தையல். பாடத்தை யாராவது படித்துச் சொன்னால் பவித்ரா ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். அதையே அச்சில் கொடுத்தால் எழுத்து எழுத்தாகத் தெரியும், சொல்லாகச் சேராது. டிஸ்லெக்ஸியா என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பொதுத் தேர்வில் அவளுக்குச் சலுகை வேண்டுமென்றால் பள்ளி விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள், அந்த வாரமே சனிக்கிழமை மாலை ஐந்து மணி. தலைமை ஆசிரியர் சிவலிங்கப்பா ஒரு நிபந்தனை போட்டார்: அறிவியல் மாதிரித் தேர்வைக் கருவியின் உதவியோடு எழுதிக் காட்டட்டும், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று எழுதுவதற்கு ஆள் வைக்கவில்லை. கம்ப்யூட்டர் கேள்வியைப் படிக்கும், ஈயர்ஃபோனில் கேட்டு அவளே எழுத வேண்டும். நான் உள்ளே இருந்தால் சொல்லிக் கொடுத்தேன் என்பார்கள் என்று வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் கண்ணாடி வழியே அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. அசையவில்லை. கவனமாகக் கேட்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். கூடுதல் நேரமும் முடிந்து விடைத்தாளை வாங்கினால் நாலு பதில். நாலும் படம் போட்ட கேள்விகள். சிவலிங்கப்பா தாளை முன்னும் பின்னும் திருப்பினார். பள்ளியின் தேர்ச்சி விகிதம் பற்றிச் சொன்னார். பெண்ணைத் தனித் தேர்வராக எழுதச் சொல்லி, இப்போதே பெயரை எடுத்துவிடலாம் என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் தாளை என் பக்கம் தள்ளினார்.

“மெஷின் படிச்சது, நேரமும் கூடக் குடுத்தேன். இனி பதிலையும் நானே எழுதணுமா மேடம்?”

நான் கேட்கத் தவறியது

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். கேள்வித்தாள் திரையில் அப்படியே இருந்தது. முதல் நாள் நான் வரி வரியாகப் பார்த்த தாள்தான். இரண்டு எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தியும் இருந்தேன். ஈயர்ஃபோனை மாட்டிப் படிக்கச் சொன்னேன். “ஏ, டி, பிளஸ், டபிள்யூ, கமா, பி” என்றது ஒரு பெண் குரல். அடுத்த கேள்விக்குப் போனேன். “எக்ஸ், டாலர், வி” என்றது. முப்பத்தெட்டும் அப்படியே.

பழைய எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: அவற்றில் தட்டச்சு செய்தால் திரையில் தெரிவது கன்னடம், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். கண் கன்னடத்தைப் பார்க்கும். கருவி உள்ளே கிடப்பதைப் படிக்கும். அவள் இத்தனை மாதம் பழகிய பாடக் கோப்புகள் புதிய முறையில் அடித்தவை. கேள்வித்தாள் பள்ளி அலுவலகத்தில் பழைய முறையில் அடித்தது. பதினேழு வருடப் பழக்கத்தில் நான் அதைக் கண்ணால் மட்டும் சரிபார்த்தேன். காதால் கேட்க வேண்டிய தாளை ஒரு வரிகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

பவித்ராவை மரத்தடியில் கண்டுபிடித்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். அத்தனை நேரம் அந்தக் கூத்தைக் கேட்டுக்கொண்டு ஏன் உட்கார்ந்திருந்தாய், கையைத் தூக்கியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அவள் டப்பாவின் மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எல்லாருக்கும் அது புரியும், எனக்குத்தான் புரியலன்னு நெனச்சேன் மிஸ்.”

நாகண்ணாவின் விரல்கள்

தவறு என்னுடையது என்று சிவலிங்கப்பாவிடம் சொன்னேன். அவர் ஈயர்ஃபோனை மாட்டிக் கேட்டார். இரண்டு கேள்விக்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை. சரி, வெள்ளிக்கிழமை வேறொரு தாள், இன்னும் ஒரே ஒரு தடவை என்றார். தாள் புதிய முறையில் இருக்க வேண்டும். அதை அடிக்க வேண்டியவர் ஆபீஸ் கிளார்க் நாகண்ணா. அவர் விரல்கள் பழைய விசைப்பலகையில் பார்க்காமலே ஓடும். புதியதில் ஒற்றை விரலால் தேட வேண்டும். தானாக மாற்றும் மென்பொருளில் போட்டுப் பார்த்தோம். கூட்டெழுத்துகள் எல்லாம் தலைகீழாக வந்தன. அது இன்னும் ஆபத்து: பாதி சரியாக இருக்கும், மீதித் தப்பு கண்ணில் படாது.

புதனும் வியாழனும் சம்பளப் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு நாகண்ணா தட்டினார். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒன்பது இடங்களில் திருத்தம் சொன்னேன். ஒன்பதாவதில் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தன் வேலையை நான் குறை சொல்கிறேன் என்ற கோபம் முகத்தில் இருந்தது. கோபப்பட அவருக்கு உரிமையும் இருந்தது.

“இத்தனை வருஷமா கண்ணுக்குத்தான் டைப் பண்ணேன். காதுக்கும் பண்ணணும்னு ஒருத்தராவது சொன்னீங்களா?”

மாதேஷ் யோசித்தார்

விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். புதன் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாதேஷ் படிவத்தை வாங்கி மெதுவாகப் படித்தார். மூன்றாவது வரியில் நின்றார். சலுகை கேட்பவரின் ஊனத்தின் வகை என்று அச்சிட்டிருந்தது. அதற்கு எதிரே டிஸ்லெக்ஸியா என்று நான் நிரப்பியிருந்தேன். ஊனம் என்ற வார்த்தையை அடித்துவிட முடியாதா என்று கேட்டார். அச்சடித்த படிவம், முடியாது என்றேன். ஊரில் பங்காளிகள் இருக்கிறார்கள், இந்தக் காகிதம் நாளைக்கு எங்கே வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “கண்ணு நல்லாத் தெரியுது, காது கேக்குது, ஒரு மொற சொன்னா மறக்கறதில்ல. இதுல ஊனம் எங்கீங்க இருக்குது?”

பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். எனக்கே அது படிவம் பேசுவது மாதிரி இருந்தது. அவர் படிவத்தை மடித்துப் பாயில் வைத்துவிட்டு, யோசிக்கோணுங்க என்றார். பவித்ரா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் வேலை முடிந்து வந்த ராணி, கழுத்தில் மாட்டிய ஃபேக்டரி அட்டையைக்கூடக் கழற்றாமல், படிவத்தை எடுத்துப் பிரித்தார்.

“அவரு யோசிச்சுட்டே இருக்கட்டுமுங்க. பேனா வெச்சிருக்கீங்களா?”

ஆம்பியர்

வெள்ளிக்கிழமைத் தேர்வில் எழுதுவதற்கும் ஆள் உண்டு. பொதுத் தேர்வில் அது கீழ் வகுப்பு மாணவியாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணைத் தயார் செய்திருந்தோம். சிவலிங்கப்பா அவளை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். இவள் உதவி செய்தால் எனக்கு எப்படித் தெரியும், இன்று நானே எழுதுகிறேன் என்றார். இருபத்தைந்து வருடம் அறிவியல் நடத்தியவர். இந்தமுறை என்னையும் உள்ளே, கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

கருவி கன்னடத்தில் படித்தது. பவித்ரா கண்ணை மூடிக் கேட்டாள், மூடியபடியே பதில் சொன்னாள். ஒளிச்சேர்க்கை, அமிலம், காரம் என்று ஒரே வேகத்தில் போனது. சிவலிங்கப்பாவுக்குத்தான் கை வலித்தது. பன்னிரண்டாவது கேள்வி, மின்தடையின் அலகு. ஆம்பியர் என்றாள். பேனா நின்றது. ஓம் என்பது சரியான விடை. சிவலிங்கப்பா எழுதவில்லை. தொண்டையைச் செருமினார். “இன்னொரு தடவை யோசிம்மா” என்றார், வகுப்பில் சொல்வது மாதிரியே. அவள் கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். விடை தப்பு என்பது அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. சரியானதைச் சொன்னால் மதிப்பெண். ஆனால் அவர் கொடுத்த மதிப்பெண். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேச எனக்கு அனுமதி இல்லை.

“நீங்க நிறுத்தக் கூடாது சார். தப்பா இருந்தாலும் நான் சொன்னத எழுதுங்க.”

நாலு இருபத்தேழு

எண்பதுக்கு ஐம்பத்தொன்று. சிவலிங்கப்பா கையெழுத்துப் போட்டார், சனிக்கிழமை மதியம் முத்திரையும் போட்டார். பவித்ராவையும் அழைத்துக்கொண்டு, விண்ணப்பத்தை வாங்கும் கல்வித் துறை அலுவலகத்துக்கு நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மருத்துவச் சான்று சரி. எழுதும் மாணவியின் விவரம் சரி. கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து, தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அப்படியானால் அவர் கையெழுத்து எங்கே என்றார். பெற்றோர் என்றுதானே போட்டிருக்கிறது, தாயார் போட்டிருக்கிறாரே என்றேன். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார்: போன வருடம் இப்படி ஒன்றை வாங்கி, மேலிருந்து திரும்பி வந்து, பேச்சு வாங்கியது அவர்தான். ஐந்து மணிக்கு நோட்டை மூடி உள்ளே அனுப்பிவிடுவார்கள். அதற்குள் வந்தால் பதிந்துகொள்கிறேன் என்றார். அப்போது மணி நாலு இருபத்தேழு.

மாதேஷ் ஹூட்டகள்ளியில் ஒரு கட்டடத்தில் இருந்தார். அன்று மாடிக்குக் கான்கிரீட் போடும் நாள். மேலே கான்கிரீட் விழும்போது சென்ட்ரிங் ஆள் கீழே நின்று முட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்; ஒன்று நழுவினாலும் தளம் இறங்கிவிடும். அந்த இடத்தை விட்டு நகரும் சென்ட்ரிங்காரரை அடுத்த வேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். இரண்டு தடவை போன் அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தார். மிக்சர் இரைச்சலில் நான் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. பவித்ரா போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து, வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல என்றாள்.

நாலு நாற்பது. நாலு நாற்பத்தைந்து. மற்ற கவுண்டர்களில் அலமாரிகளைப் பூட்டினார்கள். பவித்ரா வாசலைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. கவுண்டர் அம்மா நோட்டில் தேதியை எழுதி, வரிசை எண்ணுக்கு இடம் விட்டுப் பேனாவை வைத்தார். நாலு ஐம்பத்து மூன்றுக்கு மாதேஷ் யாருடைய ஸ்கூட்டரின் பின்னாலிருந்தோ இறங்கி வந்தார். முழங்கை வரை சிமென்ட் காய்ந்திருந்தது. முட்டுகளைத் தம்பி முறை ஆள் ஒருவனிடம் விட்டு வந்தாராம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கவுண்டரில் குனிந்தார். நான் முதல் பக்கத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன். அவர் கையால் மறித்தார்.

“ஊனம்னு எழுதியிருக்கற எடத்தக் காட்டாதீங்க மேடம். என்ற பேரு போடற எடத்த மட்டும் காட்டுங்க.”

ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிடமும் காத்திருக்க மாட்டோம் என்ற அலுவலகத்திலிருந்து அனுமதி உத்தரவு மார்ச் பத்தொன்பதாம் தேதி மாலை வந்தது. மார்ச் இருபத்தொன்றாம் தேதி காலை பத்தரை மணிக்குப் பவித்ரா தேர்வு எழுத உட்கார்ந்தாள்.