கடற்கரைக்குப் பின்னால் ஒரு சந்து

மூக்கண்டப்பள்ளிச் சாலையில் ஒரு மீன் லாரி நின்றிருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீரின் உப்பு வாடை மூக்கில் ஏறியதும், ஐம்பதுகளில் நாங்கள் மதராஸைச் சுற்றிப் பார்க்கப் போனது நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. பாரூர் ஏரியைத் தவிர பெரிய தண்ணீர் எதையும் அம்மா கண்டதில்லை. மெரினாவில் முதல் அலை காலில் பட்டதுமே அவள் முகம் மாறிவிட்டது. யாரிடமும் சொல்லாமல் திரும்பி, ரிக்‌ஷாக்களுக்கு நடுவே புகுந்து, திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றுக்குள் விறுவிறுவென்று நடந்தாள். நானும் அப்பாவும் பின்னால் ஓடினோம்.

"எங்க போற லட்சுமி? உனக்கு இங்க வழி தெரியாதில்ல?"

"இப்டி திரும்புனா பச்சைக் கதவு வரும். உள்ள கெணறு இருக்கும்."

பச்சைக் கதவு இருந்தது. அதைத் திறந்த கிழவி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டியா சரோஜா? கடலுக்குக் குளிக்கப் போனவ, இத்தினி வருசமா எங்கடி இருந்தே?"

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்திச்சும்மா" என்றாள் அம்மா.

நான் அழுதபடி அவள் புடவையைப் பிடித்தேன். அவள் குனிந்து பார்த்து, "இது யார் வூட்டுக் கொழந்தை?" என்று கேட்டாள். அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ரயில் அரக்கோணம் தாண்டியதும் அம்மா கண்ணைத் திறந்து, என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "கடலைக் காட்றேன்னு கூட்டியாந்துட்டு, காட்டாமயே திரும்பறீங்களே" என்று அப்பாவைக் கடிந்துகொண்டாள்.

அதன்பின் அவள் எங்கும் போகவில்லை. ஆனால் 'லட்சுமி' என்று அப்பா கூப்பிட்டால், முதல் தடவை ஒருபோதும் திரும்பமாட்டாள். அவர் மறுபடி கூப்பிடும்வரை நான் மூச்சுவிடாமல் நின்றிருப்பேன்.