மாப்பிள்ளை அழைப்பும் பனிநாட்டு ஆயிலும்

ஊரில் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பங்குனி பிறந்தாலே தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு, பனி கொட்டுகிற நாட்டுக்காரன் தன் காருக்கு ஊற்றுகிற ஆயிலைத் தேடிப்பிடித்து வாங்கி என் காருக்கு ஊற்றியவன் நான். யாரும் ஏமாற்றவில்லை. கடைக்காரர்கூட "இதுவா சார் வேணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இதுதான், இதேதான் என்று அடம்பிடித்தது நான்தான்.

கார் என்றால் குடும்பக் கார் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே சீட்டு, கூரையை மடக்கி வைத்துவிடலாம். பட்டுச் சேலை வியாபாரத்தில் பழக்கமான சென்னைக்காரர் ஒருவர் ஆண்டு அனுபவித்து என் தலையில் கட்டியது. என் தொப்பையும் அதன் ஸ்டீயரிங்கும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் போனால்தான் கதவு சாத்தும். என் மனைவி அதைக் கார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "சக்களத்தி" என்பாள். "இன்னா, சக்களத்திய குளிப்பாட்டி ஆச்சா?"

எங்கள் ஊரில் இதை எங்கே ஓட்டுவது? ராஜ வீதி எதில் திரும்பினாலும் ஏதாவது ஒரு சாமி புறப்பாட்டில் இருக்கும். சாமிக்குப் பின்னால் மாடு, மாட்டுக்குப் பின்னால் நான். அந்த வண்டி மூன்றாவது கியரைப் பார்ப்பதே நல்ல நாள், பெரிய நாளில்தான்.

இந்த நிலையில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு வாலாஜாபாத், ரைஸ் மில் வைத்திருக்கிற குடும்பம். நல்ல பையன், ஆனால் வாயைத் திறக்கமாட்டார். நிச்சயதார்த்தத்தன்று என்னிடம் அவர் பேசிய மொத்தமும் "ம்" என்பதும் "சரி மாமா" என்பதும்தான். என்னைப் பிடித்திருக்கிறதா, பொறுத்துக்கொள்கிறாரா என்று ஒன்றும் விளங்கவில்லை.

பெண் ஒருநாள் சொன்னாள், "ப்பா, மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம காருதான். மண்டபத்து வண்டியெல்லாம் வேணாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு எல்லாம் புரிந்தது. தோசைக்கல்லைவிட்டு நகராமலே சொன்னாள்: "ஓட்டுங்க. ஆனா சம்பந்தி வீட்டு ஜனம் முன்னாடி நடுத்தெருவுல அது நின்னுச்சுன்னா, கல்யாணம் முடிஞ்ச கையோட வித்துடணும். சத்தியம் பண்ணுங்க." கரண்டியோடு நீண்ட கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மாவு ஒட்டியது.

ஆகவே ஊர்வலத்துக்கு முன்னால் புது ஆயில் மாற்றுவது என்று முடிவாயிற்று. ஆயில் டப்பாவில் இரண்டு எண்கள் இருக்கும், நடுவில் டபிள்யூ. முதல் எண், குளிரில் கிளப்பும்போது எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. இரண்டாவது எண், எஞ்சின் கொதிக்கும்போது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. வெயில் ஊருக்கு இரண்டாவது எண் நாற்பது இருக்கட்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தது. படித்தேன். படித்துவிட்டு, இவனுக்கு என்ன தெரியும் என்று மூடி வைத்தேன்.

ஏனென்றால் நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது பட்டு இழைக்கு நீர்க்கத்தான் போடுவார்கள். முரட்டு நூலுக்குத்தான் கெட்டிக் கஞ்சி. சரி, லாரி முரட்டு நூல். ஸ்போர்ட்ஸ் கார் பட்டு. ஆகவே இருப்பதிலேயே நீர்த்த ஆயில் எதுவோ அதுதான் இதற்கு. கணக்கு எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள்! ஜீரோ டபிள்யூ இருபது வாங்கினேன். விரலில் தொட்டுப் பார்த்தேன், ரசம் மாதிரி இருந்தது. பரம திருப்தி.

வைகாசி மாதத்துச் சாயங்காலம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம். முன்னால் நாதஸ்வரம், தவில். அதற்கும் முன்னால் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் ஆட்டம். இரண்டு சீட்டில் ஒன்று மாப்பிள்ளைக்கு. அந்தக் கிளட்ச் என் காலுக்கு மட்டும்தான் அடங்கும் என்பதால் மற்றதில் மாமனார், பட்டு வேட்டியைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு. மாப்பிள்ளைக்கு அவருடைய மாமனாரே டிரைவராக வந்த கல்யாணத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆட்டக்காரர்கள் நகர்ந்தால்தானே வண்டி நகரும்? ஒரு அடி போவோம், நிற்போம். எஞ்சின் உறுமிக்கொண்டே கொதிக்கிறது. பாதி வழியில் எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. கொதித்த சூட்டில் என் ரசம் வெந்நீராகிவிட்டது, இழுத்து அனுப்ப பம்புக்குப் பிடிமானம் இல்லை.

"மாமா, செவப்பு லைட்டு எரியுது."

"அது ஒண்ணுமில்ல மாப்ளே. கல்யாணத்துக்குனு சீரியல் செட்டு."

அவர் என்னைப் பார்த்தார். நான் நாதஸ்வரத்தைப் பார்த்தேன். அணைத்தால் வண்டி நடுத்தெருவில் நின்றதாகிவிடும், சத்தியம் இருக்கிறது. அணைக்காவிட்டால் எஞ்சின் கருகும், விற்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. விளக்கு இப்போது சிமிட்டவில்லை, முறைத்தது. மாப்பிள்ளை கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது.

"எங்க மில்லுல இப்படி எரிஞ்சா உடனே நிறுத்திடுவோம் மாமா." அவர் என்னிடம் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பிறகு நடந்ததற்கு என் ஊரைத்தான் கும்பிட வேண்டும். வேறு ஊராயிருந்தால் சிரித்திருப்பார்கள். தேரையும் வாகனத்தையும் ஆள் பலத்தில் நகர்த்தியே பழகிய ஊருக்கு, எஞ்சின் இல்லாமல் ஒரு வண்டி போவதில் என்ன அதிசயம்? யாரும் கூப்பிடாமலே தெருக்காரர்கள் வந்து பின்னால் கை வைத்தார்கள். "தள்ளுப்பா, தள்ளு! ஒரே சீரா!" தெருமுனை திரும்புகிற இடத்தில் ஒருவர் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு, தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற மிடுக்கோடு சக்கரத்துக்கு முன்னால் வந்தார். "யோவ் டிரைவரு, ஒடி, ஒடி! தூங்கிக்கினு கீறியா?" எஞ்சின் ஓடாத ஸ்டீயரிங் ஆட்டுக்கல்லாய்க் கனத்தது. ஒடித்தேன். நாதஸ்வரக்காரரும் பிசிறில்லாமல் அடுத்த ராகத்துக்குப் போய்விட்டார்.

மண்டபத்து வாசல் மேடு. அங்கே வண்டி ஏறமாட்டேன் என்றது. தள்ளியவர்கள் மூச்சு வாங்கினார்கள். அப்போது என் மடியில் கனமாக ஏதோ விழுந்தது. மாலை.

"புடிங்க மாமா."

மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கி, பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு வண்டியின் முதுகில் தோளைக் கொடுத்துவிட்டார். சிநேகிதர்கள் ஹோவென்று கத்தினார்கள். எனக்கோ ஸ்டீயரிங்குக்கு இரண்டு கையும் வேண்டும். மாலையை எங்கே வைப்பது? கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு என் மனைவி நின்றிருந்தாள். மேடேறி வந்தது சிவப்புக் கார். உள்ளே, கழுத்து நிறைய ரோஜா மாலையோடு, தன்னந்தனியாக நான். பின்னாலிருந்து, சந்தனம் வியர்வையில் வழிய, மாப்பிள்ளை தலையை நீட்டினார். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பல்லை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"ஏங்க," என்றாள் மனைவி, "நான் ஆரத்தி யாருக்கு எடுக்கறது?"

மாலையைக் கழற்றி உரியவரிடம் சேர்த்தேன். ஆரத்தி முடிந்து எல்லோரும் உள்ளே போனபிறகு அவளிடம் மெல்லப் போய் நின்றேன். நாற்பது என்று கட்டம் கட்டிய பக்கத்தைப் பற்றியும் கஞ்சியைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். சத்தியம் சத்தியம்தானே?

"வித்துடலாம்மா. நாளைக்கே ஆள் பாக்கறேன்."

அவள் மணமேடைப் பக்கம், சட்டையெல்லாம் கசங்கிச் சிநேகிதர்களோடு சிரித்துக்கொண்டிருந்தவரை ஒருதரம் பார்த்தாள்.

"எதுக்கு? அதான் தள்ள ஆளு வந்தாச்சே."