நான் நிறுத்திய வைப்ரேஷன்

என் கணவர் தூத்துக்குடி துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கை மரத்துப்போனதும் வேலையை விட்டுவிட்டார். கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று, எங்கள் மகள் கார் பந்தய கேம் ஒன்றை டிவியில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஆடும் கேம்பேடை அவரிடம் கொடுத்தாள்.

கார் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் கேம்பேடு கிடுகிடுவென அதிரும். அந்தக் கையும் சேர்ந்து ஆடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில், செட்டிங்ஸுக்குள் போய் வைப்ரேஷனை நிறுத்திவிட்டேன்.

வந்து விளையாடியவர் பாதி வழியில் காரை நிறுத்தினார்.

"ஏளா, ரோடு செத்துக் கிடக்கு. நீ எதையும் மாத்துனியா?"

"உங்களுக்கு வலிக்குமேன்னுதான்..."

"அது அதிரும்போதுதான் இந்தக் கை எனக்கு இருக்குன்னே தெரியுது. நீ எண்ணெய் தேய்க்கும்போதும் பயந்து பயந்து தொடுத. எனக்கு ஒண்ணும் தெரியல."

வைப்ரேஷனை முழு அளவுக்கு ஏற்றிவைத்தேன்.

அன்றிலிருந்து அந்தக் கையை அழுத்தித்தான் தேய்க்கிறேன். நேற்று, "ஏளா, வலிக்கு!" என்று கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.