ஊதுவது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில், ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே வசுமதியின் பூ நாற்றுக் கொட்டகையில் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏதோ தியானக் கூட்டம் என்று நினைத்து, சுற்றுலா வந்த பெண் ஒருத்தி ஒருமுறை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சம்மணம் போட்டுவிட்டாள். பாவம், அவளுக்குக் கிடைத்தது ஜாஸ். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு ரோஜாத் தொட்டியை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

மூவரில் ஒருத்தி கொட்டகைக்காரி வசுமதி. இன்னொருவர் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற சுப்பிரமணியம் சார். மூன்றாமவர் ஹரிதாஸ். தேயிலைத் தொழிற்சாலையில் ஒயர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். இந்தக் கதை அவருடையது.

அவர்களுடைய விளையாட்டு இதுதான். வாரம் ஒருவர் ஏதாவதொரு பழைய பதிவைக் கொண்டுவருவார். வாசிப்பது யார் என்று மூச்சு விடமாட்டார். ஊதுவது யார், ட்ரம்ஸ் யார், பியானோ யார் என்று மற்றவர்கள் காதை மட்டும் நம்பிச் சொல்ல வேண்டும். வெறும் பெயர் போதாது, ஏன் என்றும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் விடை வெளியான பிறகு, "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்று சொல்லும் நல்ல பழக்கம் சுப்பிரமணியம் சாருக்கு இருந்தது. அதனால் ஆளுக்கொரு மூலைக்குப் போய், பதிலைக் கைப்பேசியில் பேசிப் பதிந்துகொண்டு வந்து மேசைமேல் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

இதில் ஹரிதாஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. சாக்ஸபோன்காரர் ஒரு வரியைத் தொடங்குமுன் இழுக்கும் மூச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். பாட்டு முடியும்வரை காத்திருப்பதெல்லாம் அவருக்குச் சரிப்படாது. பாதியிலேயே கையைத் தூக்கி, "போதும்லா, தெரிஞ்சிருச்சு" என்று எழுந்துவிடுவார். கொழுந்து உருட்டும் இயந்திரங்களின் இரைச்சலிலேயே காலம் தள்ளியவருக்கு இப்படியொரு காது மிஞ்சியது ஆச்சரியம்தான். அவருக்குச் சொந்த வீடு இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மகன் ஈப்போவில் நல்ல வேலையில் இருந்தான். இருந்தும், பெருமை என்று அவர் நினைத்தது காது ஒன்றைத்தான்.

அவர் மனைவி யோகேஸ்வரிக்கு இதில் வேறு கருத்து. "நான் அடுப்படியிலேருந்து கத்துனா கேக்காது. எவனோ அமெரிக்காக்காரன் மூச்சு விட்டா மட்டும் கேக்கும்" என்பாள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவருக்கு ஜாஸ் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாம் பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தில் தொடங்கியது. ஹரிதாஸ் கையில் சாக்ஸபோனைக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுச் சின்னையா கையில் ட்ரம்ஸ் குச்சி. படிப்பை விட்டுத் தோட்டத்து வேலைக்கு வந்த பிறகும் இருவரும் அதை விடவில்லை. தொண்ணூறுகளில் தானா ராத்தா பக்கம் ஒரு ஹோட்டலில் சாயங்காலம் வாசிக்க ஆள் தேடினார்கள். சின்னையாவின் தம்பி மகேன் கோயில் பஜனையில் கீபோர்டு வாசிப்பவன். அவனையும் சேர்த்துக்கொண்டு மூவரும் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போவார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. ஹோட்டல் பார்க்காரர் கொடுத்த கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஜாஸ் பழகினார்கள். குளிருக்குச் சூடாகக் குடித்துக்கொண்டு வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். ஹரிதாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. ஒருநாள் சாயங்காலம், பாட்டின் நடுவே, சின்னையா குச்சிகளைக் கீழே வைத்தான். தம்பியைக் கையைப் பிடித்து எழுப்பினான். இருவரும் வெளியே போய்விட்டார்கள். மறுநாள் லயத்தில் ஹரிதாஸ் காரணம் கேட்டபோது, "ஒன்னுமில்ல, வேல இருக்கு" என்று மட்டும் சொன்னான். ஹோட்டல்காரர்கள் ஒரு கரவோக்கே பெட்டியை வாங்கி வைத்தார்கள். ஹரிதாஸ் சாக்ஸபோனை ஈப்போவில் ஒரு சர்ச் பேண்டுக்கு விற்றுவிட்டார். அண்ணன் தம்பி இருவரும் கோலா தெர்லாவுக்குப் போய்க் காய்கறி பயிரிட்டு, பிறகு லோரியும் வாங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கல்யாணம், கருமாதியில் பார்த்தால் தலையசைப்பு. மிஞ்சிப்போனால் "சாப்டியா?" என்று ஒரு வார்த்தை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது போதுமா? கேட்பவர்களிடம் ஹரிதாஸ், "அவனுக்குப் பொறாமைலா" என்று சொல்லிவைப்பார். சொல்லும்போதே அதை அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரியும். அந்தப் பிரிவு இன்றைக்கும் அவருக்கு வலித்தது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னையா இந்தக் கொட்டகைக்கு வந்து தன் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. பூ எடுக்க வசுமதி கோலா தெர்லா பக்கம் போகும்போதெல்லாம் சொல்லி அனுப்புவார். ஒவ்வொரு முறையும் "பாப்போம்" என்ற பதிலே திரும்பி வரும்.

இந்த மழைக்காலத்தில்தான் வேறு பதில் வந்தது.

"அண்ணே, சின்னையாண்ணன் எதையோ போன்ல ஏத்திக் குடுத்துருக்காரு" என்றாள் வசுமதி, கொட்டகைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக. "பழைய கேசட்டாம். என்னான்னு எங்கிட்டயும் சொல்லல. உங்க சட்டப்படியே நீங்க சொல்லணுமாம். ஊதுறது யாருன்னு சரியா சொல்லிட்டா அடுத்த ஞாயித்துக்கெழம வராராம்."

ஹரிதாஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையில் காசு சேர்ந்தால் ஈப்போவுக்குப் போய்க் கேசட்டாக வாங்கிக் குவித்தவன் சின்னையா. அதில் யாரும் கேட்டிராத ஒன்றைத் தேடிப்பிடித்து அனுப்பியிருக்கிறான். அனுப்பட்டுமே. தோற்றுப்போக ஹரிதாஸ் என்ன சுப்பிரமணியம் சாரா?

வசுமதி பாட்டைப் போட்டாள். கேசட் இரைச்சலுக்கு நடுவே சாக்ஸபோன் கிளம்பியது. எல்லோரும் வாசிக்கும் பழைய பாட்டுதான். ட்ரம்ஸ் மிக அருகில் கேட்டது, மற்றதெல்லாம் தூரத்தில். ஹரிதாஸ் நெற்றியைச் சுருக்கினார். அந்த மூச்சு அவருக்குத் தெரிந்தவர்களில் யாருடையதும் இல்லை. பெரிய ஆளின் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வழக்கம்போலக் கையைத் தூக்கினார்.

"போதும்லா."

"இன்னும் முடியல அண்ணே."

"தெரிஞ்சிருச்சு, நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போனார். சுப்பிரமணியம் சாரும் எழுந்து போனார்.

பதில்கள் மேசைக்கு வந்தன. ஊதுவது சிகாகோவில் குடித்தே அழிந்துபோன ஒரு மேதை என்றது சாரின் குரல். அவருக்கு எல்லோருமே குடித்து அழிந்துபோன மேதைகள்தான். அடுத்து ஹரிதாஸின் குரல் ஒலித்தது.

"இது பெரிய ஆளு இல்ல. ஏதோ ஹோட்டல் பேண்டு. மணிலாவா இருக்கும், இல்லாட்டி சிங்கப்பூர். ஊதுறவனுக்கு விரல் ஓடுது, மூச்சு நீளமா நிக்குது. காதுதான் இல்ல. கீபோர்டுக்காரன் உள்ள வரப் பாக்குறான், ட்ரம்ஸ்காரன் அவனுக்காக சத்தத்தக் கொறச்சு எடம் விடுறான். இவன் அந்த எடத்துலயும் தானே ஊதுறான். ஒருக்கா இல்ல, ஒவ்வொருக்காவும். கூட ரெண்டு மனுசன் இருக்கானுங்கன்னே இவனுக்குத் தெரியல. நான் அந்த ட்ரம்ஸ்காரனா இருந்தா, குச்சியத் தூக்கிப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன்."

சுப்பிரமணியம் சார் தொடையில் தட்டிச் சிரித்தார். "கிழிச்சு தொங்க விட்டுட்டீங்க ஹரி!"

வசுமதிக்கு மட்டும் மிச்சத்தைக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டாள். சாக்ஸபோன் ஏறிக்கொண்டே போனது. கீபோர்டு இன்னொருமுறை தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. பிறகு ட்ரம்ஸ் நின்றது. நாற்காலி இழுபடும் சத்தம். துணையில்லாமல் சாக்ஸபோன் மட்டும் கொஞ்ச தூரம் போய், பாதி வரியில் அறுந்தது. அதற்குப் பின்னால் ஓர் இளைஞனின் குரல் கேட்டது.

"டேய் சின்னையா! எங்கடா போறீங்க ரெண்டு பேரும்?"

சார் சிரிப்பை நிறுத்தினார். அது யாருடைய குரல் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ட்ரம்ஸ் நாற்காலிக்கு அடியில் சின்னையா அன்றைக்கு ஒரு டேப் ரெக்கார்டரை வைத்திருந்திருக்கிறான். தான் ஊதியதைப் பதிவில் ஹரிதாஸ் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. மனத்தில் அவர் ஊதிக்கொண்டிருந்தவிதம் வேறு.

அவருக்கு வெட்கமாக இருந்தது. காதோரமெல்லாம் சுட்டது. எதிரே இருந்த ரோஜாக் கன்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வசுமதி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, அத அழிச்சிட்டு வேற பேசிருங்க" என்றாள் மெதுவாக. "ஊதுனது நாந்தான்னு ஒரே வார்த்த. அதுதானே சரியான பதிலு? அவரும் வந்துருவாரு. நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டோம்."

"சொல்ல மாட்டோம்லா" என்றார் சாரும்.

உண்மைதான். ஒரு வார்த்தை போதும். இத்தனை வருடம் ஏங்கியது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும். மேசையிலிருந்த பதிலோ மணிலா என்றது, சிங்கப்பூர் என்றது. சட்டப்படி அது தப்பு. அதை அனுப்பினால் சின்னையா வராமலே போகலாம். ஹரிதாஸ் கைப்பேசியை எடுத்து, அழிக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊதியவனைப் பற்றி அதில் சொன்னது அத்தனையும் நிஜம். ஊதியது தான் என்று தெரிந்திருந்தால் அதில் ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வந்திருக்காது.

பேசியதை அப்படியே சின்னையாவுக்கு அனுப்பினார்.

கொட்டகையின் பிளாஸ்டிக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. வசுமதி தேநீர் போட்டுக் கொண்டுவந்தாள். தேநீர் ஆறிய பிறகு கைப்பேசி அடித்தது.

"ஹரி" என்றது சின்னையாவின் குரல்.

"ம்."

"கேட்டேன்."

"தப்பாத்தான்டா சொல்லிருக்கேன். மணிலான்னு சொல்லிட்டேன்."

"அது கெடக்கு. மத்ததெல்லாம் சரியாத்தான் சொல்லிருக்க."

"டேய், அன்னிக்கே எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா கேக்குற ஆளா நீ? தம்பி தெனமும் வீட்டுல ஒக்காந்து பழகுவான்டா. அங்க வந்து கைய மடியில வெச்சிக்கிட்டு ஒக்காந்துருப்பான். என்னால பாக்க முடியல."

ஹரிதாஸ் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "வரியாடா?" என்றார்.

"நான் வரது இருக்கட்டும். நீதான் மூச்சக் கேட்டே ஆளச் சொல்லுவியாமே, வசுமதி சொல்லுச்சு. எங்க, மகேன் எப்படி வாசிப்பான்னு சொல்லு."

ஹரிதாஸ் கண்ணை மூடினார். மகேனின் வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. வாசிக்குமுன் கீபோர்டைக் கைக்குட்டையால் துடைப்பது நினைவுக்கு வந்தது. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு வருவது வந்தது. பார்த்தே இராத எத்தனையோ பேருடைய விரலை அவருக்குத் தெரியும். இரண்டு வருடம் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தவனுடைய ஒரு வரி, ஒரே ஒரு வரி, எவ்வளவு தேடியும் வரவில்லை.

"தெரியலடா" என்றார்.

அந்தப் பக்கமும் மழைச் சத்தம் கேட்டது. கோலா தெர்லாவிலும் மழைதான் போல.

"சரி. அடுத்த வாரம் கீபோர்டோட அவனக் கூட்டிட்டு வரேன்" என்றான் சின்னையா. "முடியிற வரைக்கும் கைய மட்டும் தூக்காத."