விளம்பரத்தில் வீடு வாங்கியவர்கள்

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் டிசைன் அலுவலகம். மொத்தமே மூன்று பேர்: முதலாளி, கணக்கையும் போனையும் பார்த்துக்கொண்ட அவர் மனைவி, நான். விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு என்று எது வந்தாலும் செய்வோம். கல்லூரி முடித்து அங்கே சேர்ந்த புதிதில், முதலாளி சொன்னதைச் சொன்ன இடத்தில் வைப்பதுதான் என் வேலை. எழுத்தைப் பெரிதாக்கு என்றால் பெரிதாக்குவேன். சிவப்பு போடு என்றால் சிவப்பு.

ஒருநாள், நெமிலிச்சேரியில் வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்த ஒருவர் சாலையோர விளம்பரம் ஒன்று கேட்டு வந்தார். இணையத்தில் கிடைத்த ஒரு குடும்பப் படத்தை வைத்துச் செய்து காட்டினேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் பொன்னிற முடி, பின்னால் புல்வெளி.

"இந்தத் தொர வந்து நெமிலிச்சேரில குடியிருக்கப் போறாராம்மா?" என்றார் அவர். "நம்ம ஜனம் மாதிரி ரெண்டு மூஞ்சி வையேன்."

நம் ஊர் முகம் என்று தேடினால் வந்தவையெல்லாம் மும்பை மாடல்கள். தேடிச் சலித்து, "எங்க அப்பா அம்மாவ நிக்க வைக்கவா சார்?" என்று முதலாளியிடம் பாதி விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் உடனே கேமராவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டைமாடியில் படம் எடுத்தோம். அம்மா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டாள். அப்பாவுக்குத்தான் சிரிப்பே வரவில்லை.

"சிரிங்க சார், புது வீடு வாங்கியிருக்கீங்க" என்றார் முதலாளி.

"ஊடு வாங்குனவன் எவன் சார் சிரிக்கிறான்?"

அதைக் கேட்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவளைத் திரும்பிப் பார்த்து அப்பாவும் சிரித்துவிட்டார். அந்தப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். இந்த முறை முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து எதை எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. எழுத்தைப் பாதியாகக் குறைத்து, அந்தச் சிரிப்பைப் பெரிதாக வைத்தேன்.

ஆவடி போகும் சாலையில் விளம்பரம் ஏறியது. அம்மா பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். அப்பாவை வேலை இடத்தில் கேலி செய்தார்கள். அவருக்கு அது பிடித்தே இருந்தது. வீட்டு ஓனர் ஒரு காலையில் படியேறி வரும்வரை.

"இன்னா நைனா, ஊட்ட வாங்கினு கம்முனு கீற? என்னான்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எப்போ காலி பண்றே? என் மச்சான் போர்ஷன் கேட்டுனு கீறான்."

"நா எங்க அண்ணாத்தே வாங்குனேன்? பொண்ணு நிக்கச் சொல்லிச்சு, நின்னேன்."

"அவ்ளோ பெரிய போர்டுல பொய்யா போடுவாங்க?"

அவர் நம்பவே இல்லை. போகும்போது, காலி செய்யும் தேதியை மாதக் கடைசிக்குள் சொல்லிவிடு என்றார். அன்றிரவு படுக்கப் போகும்போது அம்மா, "உன் வேலைக்கு நாங்கதான் கெடச்சோமா?" என்றாள்.

மறுநாள் காலை ஓனரை அலுவலகத்துக்கே அழைத்துப்போனேன். அவர் பார்க்கப் பார்க்க, திரையில் அப்பா அம்மாவை எடுத்துவிட்டு வெள்ளைக்காரக் குடும்பத்தை வைத்தேன். மறுபடி அப்பா அம்மாவை வைத்தேன். முதலாளியின் மனைவி கொடுத்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் பார்த்தார்.

"அப்போ யார வோணா வெப்பியா?"

"வைக்கலாம் அங்கிள்."

டீயைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார். "என்னிய வெப்பியா?"

அதே மாதம் ஒரு பல் ஆஸ்பத்திரி விளம்பரம் வந்தது. அந்த வயதிலும் ஓனருக்கு வரிசையான பற்கள்; அவரையே நிற்க வைத்தோம். போர்ஷன் பேச்சு அதற்குப் பிறகு வரவே இல்லை. வகிடு சரியாக விழவில்லை என்று இரண்டாம் முறை படம் எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

பிறகு எங்கள் தெருவே வந்தது. பால் பாக்கெட் போடுகிறவர், தையல் அக்கா, ரயில்வேயில் ஓய்வு பெற்ற தம்பதி. முதலாளி படம் எடுப்பார். முகத்தில் வெளிச்சம் விழ அம்மா வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொள்வாள். எந்த முகத்துக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் வேண்டும், பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் விடவேண்டும் என்பதெல்லாம் எனக்கு எங்கள் மொட்டைமாடியில்தான் பிடிபட்டது. சென்னீர்குப்பத்திலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஆட்கள் தேடிவந்து, "உங்க ஆளுங்க மூஞ்சிதான் வேணும்" என்றார்கள். முதலாளி, கேட்காமலேயே, என் பெயருக்குக் கீழே டிசைனர் என்று போட்டு ஒரு கட்டு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்.

அந்தப் படங்களைக் காட்டித்தான் நகரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை வாங்கினேன். இப்போது ஒரு முகம் வேண்டுமென்றால் ஒரு வரி தட்டினால் போதும், கம்ப்யூட்டரே வரைந்து தருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. அந்த முகங்கள் வகிடு பற்றிச் சண்டை போடுவதில்லை.

அம்பத்தூர் அலுவலகத்திலிருந்து நான் விலகிய வாரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்காகக் கடைசியாகப் படம் எடுத்தோம். வேலை முடிந்தும் யாரும் மொட்டைமாடியை விட்டு இறங்கவில்லை. தையல் அக்கா தன் மகளின் கைக்குழந்தையை நீட்டி, "இத்தையும் ஒண்ணு எடுத்துடும்மா, போர்டுல போடாட்டியும் பரவால்ல" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். முதலாளி எல்லாரையும் எடுத்தார். மறுநாள் அவற்றைப் பிரிண்ட் போட்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். எந்த வீட்டிலும் காபி குடிக்காமல் அனுப்பவில்லை.