அக்கா கடித்த வாழைப்பழ ரொட்டி

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் என் வணக்கம். எழுதும் வேலை எனக்கு ஒத்துவராது. பிள்ளைகள் யாராவது எழுதட்டும் என்றுதான் சொன்னேன். அக்காவின் மூத்த மகன் விட்டால்தானே! "ஜப்பான்காரன் காலத்துல அம்மாவப் பாத்தவங்கன்னு நீங்க ஒருத்தர்தான் சின்னம்மா மிச்சம். ரொட்டிக் கதைய நீங்க எழுதலன்னா வேற யாரு எழுதறது?" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டான்.

அக்கா பிறந்தது மலாய் நாட்டில் குருண் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் அப்பா அங்கே வெள்ளைக்காரத் துரை பங்களாவில் சமையல்காரர். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் மற்ற அப்பாக்கள் ரப்பர் பால் வாடையோடு வீடு திரும்புவார்கள். எங்கள் அப்பா வெண்ணெய் வாடையோடு வருவார். அவர் சுடும் வாழைப்பழ ரொட்டி என்றால் துரைசானிக்கு உயிர். தோல் கறுத்துக் கனிந்த பழம்தான் வேண்டும் என்பார் அப்பா. ஓரத்துண்டு எங்களுக்கு வரும். நான் வாயில் போட்டு விழுங்கிவிடுவேன். அக்கா அப்படியில்லை. முகர்ந்து பார்ப்பார், பிய்த்துப் பார்ப்பார், "இன்னிக்கு முட்ட கம்மியாப்பா?" என்று கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்.

ஜப்பான்காரன் வந்தான். துரை குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனது. அரிசி அரிதானது, கோதுமை மாவு கண்ணில் படவேயில்லை. காலையிலும் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி. பிறகு சயாம் நாட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். லோரியில் ஏற்றிய ஆண்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்கு எட்டு. "அம்மாவப் பாத்துக்கங்க, வந்துருவேன்" என்று அப்பா லோரியிலிருந்து கத்தியது மட்டும் என் காதில் இருக்கிறது.

வெகுநாள் ஒரு தகவலும் இல்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் சயாமிலிருந்து தப்பி வந்தார். அப்பாவை வாந்திபேதிக் கொட்டகையில் பார்த்ததாகவும், அங்கே போனவர்கள் எழுந்து வந்ததில்லை என்றும் சொன்னார். செத்ததைப் பார்த்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் அண்ணனான எங்கள் பெரியப்பா முடிவு கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தம்பிக்காக அப்படி அழுதவர் அவர்.

"அவன் ஆவி பசியோட அலையக் கூடாது தாயி" என்றார் அம்மாவிடம். "ஒரு படையலப் போட்டு, தாலிய எறக்கிருவோம்."

அம்மா கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறுதான். பொன் எப்போதோ அரிசியாகிப் போயிருந்தது. அந்தக் கயிற்றைக் கைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைப்பது நம் வழக்கம். "அவனுக்குப் புடிச்சது அந்த வாழப்பழ ரொட்டிதான். அது இல்லாம படையல் நெறயாது. இந்தக் காலத்துல மாவுக்கு எங்க போறது?" என்று பெரியப்பா பெருமூச்சு விட்டார்.

"நான் சுட்டுத் தரேன் பெரியப்பா" என்றார் அக்கா.

அம்மா அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற மகளே தாலிக்கு உலை வைக்கிறாளே என்ற பார்வை. எனக்கும் அக்கா மேல் அப்படி ஒரு கோபம்.

அக்கா மரவள்ளியைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, சாக்கில் காயவைத்து, இடித்துச் சலித்தார். வெள்ளை வெளேரென்று மாவு வந்தது. ஆப்ப சோடாவுக்கு வழியில்லை. "ஆப்பத்துக்குக் கள்ளு ஊத்துனா பொங்குதில்ல, ரொட்டி மட்டும் பொங்காதா?" என்று மரமேறும் தாத்தாவிடம் ஒரு சிரட்டை கள் வாங்கி வந்தார். கனிந்த பழம், ஒரு முட்டை, கொஞ்சம் தென்னை வெல்லம். எல்லாம் பிசைந்து மூடி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை விலக்கிப் பார்க்கிறேன், மாவு குமிழி விட்டு மூச்சு விடுகிறது! வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மண்ணெண்ணெய் டின்னுக்குள் மணல் பரப்பி, அதன்மேல் சட்டியை இறக்கி, டின்னுக்கு அடியிலும் மூடியின் மேலும் தணல் வைத்துச் சுட்டார். லயம் முழுவதும் அந்த வாசனை போனது. அப்பா வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தவர்கள்கூட உண்டு.

படையலன்று இலை விரித்து விளக்கேற்றியாகிவிட்டது. தாலி இறக்க வந்த பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "ரொட்டியக் கொண்டாம்மா" என்றார் பெரியப்பா.

அக்கா ரொட்டியோடு வந்தார். இலைக்கு முன்னால் நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோய், நடுவில் ஒரு கடி கடித்தார்.

ஐயோ, அந்தக் கூச்சல்! படையலுக்குச் சமைப்பதில் உப்புக்கூடப் பார்க்க மாட்டோமே நாம். பெரியப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார்.

அக்கா நகரவில்லை. "எச்சி பட்டுருச்சு பெரியப்பா. ரொட்டி இல்லாம படையல் நெறயாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இனி மாவும் இல்ல. எங்கப்பா வந்து சுட்டுத் தரட்டும்" என்றார். கண்ணீர் வழிந்தது, கால் மட்டும் நகரவில்லை. கடித்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து அம்மாவின் வாயில் வைத்தார். அம்மா மென்றார். அடுத்த துண்டு எனக்கு.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. பெரியப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு துண்டு கொடு புள்ள" என்று கையை நீட்டினார். அவரும் தின்ற பிறகு யார் என்ன பேச முடியும்? இத்தனை வயதுக்குப் பிறகும் அதை நினைத்துப் பார்க்கிறேன். தோட்டமே ஒரு பக்கம் நின்றபோது அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு தைரியத்தை யார் கொடுத்தது?

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு ஒருநாள், குருண் ஸ்டேஷனில் இறங்கி அப்பா நடந்தே வந்தார். எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு. அம்மா கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அக்கா அழவில்லை, மரவள்ளி துருவப் போய்விட்டார். மாவு காய்ந்து ரொட்டி வந்ததும் அப்பா முகர்ந்தார், பிய்த்தார், நிதானமாக மென்றார். "உப்பு பத்தல லா, புள்ள" என்றார். எவ்வளவு நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம்!

அப்புறம் அக்காவுக்குச் சுங்கைப்பட்டாணியில் மளிகைக்கடை வைத்திருந்த அத்தானோடு திருமணம். அத்தான் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அக்கா கடைவாசலில் வாழைப்பழ ரொட்டி விற்றே மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார். முன்கோபக்காரர்தான், அவரிடம் திட்டு வாங்காதவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். பசியோடு திரும்பிப் போனவர்களும் இருக்க மாட்டீர்கள். கடைசி நாள்களில் கூலிம் ஊரில் இருந்த மகன் வீட்டில் படுக்கையாகி, விழுங்க முடியாமல் போனபோது, மருமகள் ரொட்டியைப் பாலில் கரைத்து ஊட்டினாள். அக்கா என்னைப் பார்த்து, "உப்பு சரியா இருக்குடி" என்றார். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை.

மகளைப் போலப் பார்த்துக்கொண்ட அந்த மருமகளுக்கும், ஆஸ்பத்திரித் தாதியருக்கும், இறுதி நாளில் பந்தலும் நாற்காலியும் கொண்டு வந்து போட்ட மலாய், சீன அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த ஊர்த் தம்பிமாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரோடு ஆளுக்கு ஒரு துண்டு வாழைப்பழ ரொட்டி கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அக்காவுக்குப் படைக்க நான் சுட்ட ரொட்டி அது. உப்புக்கூடப் பார்க்கவில்லை, கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது ஒழுங்காக இலையில் ஏறிவிட்டது. நடுவில் வந்து கடித்துத் தடுக்க இந்த முறை அக்கா இல்லை.