பலகாரம் கணக்கில் வராது

அஸ்தினாபுரம் தோத்தாத்ரிக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். ஊசி. முப்பத்து மூன்று வருஷம் மறைமலைநகரில் வால்வு செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவர். மயிரிழை பிசகினாலும் ஒரு லாரி சரக்கை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், ரத்தம் எடுக்கும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவி ரமாவின் கையைப் பிடித்துக்கொள்வார்.

ஜூன் மாதம் குரோம்பேட்டை டாக்டர் வெகு சாதாரணமாகத்தான் சொன்னார். "மூணு மாச சுகர் சராசரி எட்டு புள்ளி ரெண்டு சார். சாப்பாட்டை மாத்துங்க. வெளில டயட்டீஷியன் இருக்காங்க, ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. செப்டம்பர்லயும் குறையலைன்னா இன்சுலின் ஆரம்பிச்சுடலாம்."

இதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் தோத்தாத்ரியின் காதில் விழுந்தது. டயட்டீஷியன் அறையை அவர் கிட்டத்தட்ட ஓடியே கடந்தார்.

"பாத்துட்டு வரச் சொன்னாரே?" என்றாள் ரமா, ஆட்டோவில்.

"எதுக்கு? எனக்குப் படிக்கத் தெரியாதா?"

படித்தார். ஒரு வாரம் இரவு பகலாகப் படித்தார். ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்செடுத்து, பச்சை மையால் அடிக்கோடிட்டு, ஸ்பைரல் போட்டு வைத்துக்கொண்டார். படித்ததெல்லாம் நல்ல சரக்கு. அதில் குறை சொல்ல முடியாது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு சுண்டல் வகை, மீதிக் கால் பங்குதான் சோறு. அந்தக் கோடுகளை எவர்சில்வர் தட்டிலேயே மார்க்கர் பேனாவால் போட்டார். ரமா தேய்த்த தேய்ப்பில் மூன்றாம் நாள் கோடு போய்விட்டது. அதற்குள் அளவு கண்ணில் பதிந்துவிட்டது. எடை பார்க்க ஒரு டிஜிட்டல் தராசும் வந்து சேர்ந்தது.

"ஏன்னா, அவரைக்காயை நிறுத்து என்ன பண்ணப்போறேள்? அதென்ன தங்கமா?"

"அளக்காத எதையும் நம்பப்படாது, ரமா."

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வரைபடம் ஏறியது. தலைப்பு, 'சாதம் – கிராம்'. முதல் வாரம் நாளொன்றுக்கு நானூற்று ஐம்பதில் இருந்த கோடு, ஆடி பிறப்பதற்குள் நூற்றைம்பதுக்கு இறங்கியது. அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பது அவருக்கு ஒரு வழிபாடு மாதிரி ஆகிவிட்டது. காபியிலும் சர்க்கரை கிடையாது.

காலையில் பூங்காவில் நடக்கும்போது தபால் ஆபீஸ் மோகன்ராஜ் கூட வருவார். அவருக்கு வாட்ஸ்அப்தான் மருத்துவக் கல்லூரி.

"சார், எங்க மச்சான் பாவக்கா ஜூஸ் குடிச்சே மாத்திரைய வுட்டுட்டாரு சார். சுகர் ஓடியே போச்சு."

"உங்க மச்சான் எத்தனை பேர்?"

"இன்னா சார் கேக்கறீங்க? ஒரே மச்சான்தான்."

"ஒரு ஆளை வெச்சுண்டு ஒண்ணும் சொல்ல முடியாது மோகன்ராஜ். ஜூஸ் குடிச்சவா நூறு பேர், குடிக்காதவா நூறு பேர் வேணும். அதுக்குப் பேர்தான் ஆதாரம்."

"நூறு மச்சானுக்கு நான் எங்க சார் போறது?"

இவ்வளவு விழிப்பான மனிதருடைய கோட்டையில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அது அவர் போட்ட ஓட்டை இல்லை. அவர் குடும்பத்தில் ஏழு தலைமுறையாக இருப்பது. ஏகாதசி, அமாவாசை இரவு, சனிக்கிழமை இரவு என்று விரத நாளென்றால் அந்த வீட்டில் சாதம் கிடையாது. பலகாரம்தான். பலகாரம் என்பது இட்லி, தோசை, அடை, சேவை, அரிசி உப்புமா. அவற்றை எத்தனை சாப்பிட்டாலும் சாப்பிட்டதாக அர்த்தம் இல்லை. ஆறு இட்லி முடித்துக் கைகழுவும்போது தங்கை போனில் கூப்பிட்டு "சாப்டாச்சா?" என்றால், "இல்லை, இன்னிக்குப் பலகாரம்தான்" என்று ஒரு தியாகியின் குரலில் சொல்வார்.

சாதத்தின் அளவை நூற்றைம்பதுக்கு இறக்க அவர் கண்ட வழியும் அதுவே. தினமும் இரவு பலகாரம். வாரத்துக்கு ஏழு விரதம். மத்தியானம் தராசில் வைத்த சோற்றில் நாலு பருக்கை அதிகமானாலும் எடுத்துவிடுகிறவர், இரவில் இட்லித் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டார். பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்த மனிதனுக்குப் பசிக்காதா?

"ஏன்னா, இது ஆறாவது இட்லி" என்றாள் ரமா ஒருநாள். "மாவு ரெண்டு நாளைக்குக்கூட வரமாட்டேங்கறது. வாரத்துக்கு நாலு தரம் கிரைண்டர் போடறேன்."

"போட்டா என்ன? ராத்திரி ஒரு பருக்கை தொடறேனா, சொல்லு."

ரமா மறுபடி கிரைண்டரைக் கழுவப் போனாள். அவளும் அதே வீட்டில் முப்பது வருஷம் விரதம் இருந்தவள்தானே.

செப்டம்பரில் ரத்தம் கொடுத்தார். எட்டு புள்ளி ஆறு.

தோத்தாத்ரி பரிசோதனைக் கூடத்துக்கே போய் நின்றார். "இந்த மெஷினைக் கடைசியா எப்போ காலிபரேட் பண்ணி அளவு சரிபாத்தேள்? சர்டிபிகேட்டைக் காட்டுங்கோ" என்றார். அங்கே வேலை செய்யும் பெண் பயந்துபோய்க் காட்டினாள். போன திங்கட்கிழமை. எல்லாம் சரியாக இருந்தது. விடவில்லை; சேலையூரில் இன்னொரு கூடத்தில் கொடுத்தார். அங்கே எட்டு புள்ளி ஐந்து. நாலு நாளில் இரண்டு ஊசி.

வேறு வழியில்லாமல், வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு டயட்டீஷியன் மெஹர் பானுவின் முன்னால் போய் உட்கார்ந்தார். அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது.

"சார், இந்த மாதிரி யாரும் எழுதிட்டு வந்ததே இல்ல. காய், சுண்டல், மோர் எல்லாம் கரெக்டா இருக்கு. சாதமும் குறைஞ்சிருக்கு. ராத்திரி என்ன சாப்பிடறீங்க?"

"ராத்திரி சாப்பாடே கிடையாது."

"பட்டினியா?"

"பலகாரம்தான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன பலகாரம் சார்?"

"சிம்பிளா ஒரு ஆறு இட்லி. சில நாள் அரிசி உப்புமா."

"அது சார்ட்ல எங்க இருக்கு?"

"அது எப்படி இதுல வரும்? இது சாதத்துக்கு."

"சார்... இட்லியை எதுல பண்றாங்க?"

தோத்தாத்ரி வரைபடத்தை மெல்லச் சுருட்ட ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் ரமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் இதே கதைதான் சார்" என்றாள் மெஹர் பானு, சிரிக்காமல் இருக்க முயன்று. "நோன்பு மாசத்துல எங்க மாமனாரக் கேட்டா, 'நான் என்னத்தம்மா சாப்பிட்டேன், வெறும் கஞ்சி'ம்பாரு. கூட எட்டு சமோசா போயிருக்கும். நாலு இட்லி கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் சாதம் சார். நீங்க மத்தியானம் குறைச்சதுக்கு மேலயே ராத்திரி சாப்பிட்டுட்டீங்க. இட்லி வேணாம்னு சொல்லல. ரெண்டு போதும். தட்டுல அதே கால் பங்கு. மீதிக்குக் காயும் சுண்டலும் வரட்டும்."

டாக்டரிடம் தோத்தாத்ரி மன்றாடிப் பார்த்தார். "காரணம் தெரிஞ்சு போச்சு டாக்டர். இன்னும் மூணு மாசம் டைம் குடுங்கோ."

"ஊசி தண்டனை இல்ல சார். சின்ன டோஸ். சாப்பாடு சரியாகி சுகர் இறங்கினா அதையும் குறைக்கலாம். ஆனா இப்போ போட்டுக்கணும்."

போடும் விதத்தை நர்ஸ் ஹெப்சி சொல்லிக்கொடுத்தாள். தோத்தாத்ரி கண்ணை மூடி, ரமாவின் கையைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"போடும்மா. எதுக்கு இழுத்தடிக்கறே?"

"போட்டாச்சு சார். எந்திரிங்க, அடுத்த ஆள் வெய்ட் பண்றாங்க."

அன்று இரவு ஏழரை மணிக்கு ரமா தட்டை வைத்தாள். பாதிக்கு வெண்டைக்காய்க் கறி, ஒரு குவியல் கொண்டைக்கடலை, ஓரத்தில் இரண்டே இரண்டு இட்லி. தோத்தாத்ரி இட்லிகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ரமா, அந்த ஊசியை வேணா தினம் ரெண்டாப் போட்டுக்கறேனே."

"பேசாம சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, இட்லிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.